“ஒரு சின்ன கரெக்‌ஷன்தான் சார்!” – ஃப்ரீலான்ஸ் டிசைனர்களின் அன்றாடம்

நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் பேனாவால் எழுதிய மேட்டர். அதை மொபைலில் எடுத்த மங்கலான படம். பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ், கடை முகப்பின் இரண்டு போட்டோ. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு வேலை பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. “கடை திறப்பு விழா. நோட்டீஸ், ஃபிளெக்ஸ், விசிட்டிங் கார்டு வேணும். அப்படியே ஒரு வெப்சைட்டும் போட்டுடுங்க. லோகோ நீங்களே பார்த்துக்கோங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.”

ஒரே மூச்சில் ஐந்து வேலைகள். நோட்டீஸ் ஆஃப்செட் அச்சுக்குப் போகும், ஃபிளெக்ஸ் அடிக்கணக்கில் விரியும், கார்டு மூன்றரைக்கு இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும், வெப்சைட் உள்ளங்கை அளவுத் திரையில் திறக்கும். இவை எல்லாவற்றிலும் அடையாளம் தெரிகிற மாதிரி லோகோ இருக்க வேண்டும். கேட்பவருக்கு அது ‘கம்ப்யூட்டர் வேலை’. செய்பவருக்கு ஐந்து வெவ்வேறு தொழில்நுட்பங்கள், ஐந்து வெவ்வேறு கெடுக்கள்.

இந்தத் தொழிலின் முன்னோர் டி.டி.பி. சென்டர்காரர்கள். ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது, 1989-ல் கோரல்டிரா வந்தது, 1990-ல் போட்டோஷாப். அச்சுக் கோப்பவர், பிளாக் செய்பவர், ஓவியர் என்று பலர் பிரித்துச் செய்த வேலை ஒரு மேஜைக்கு வந்தது. அச்சகத்தின் மூலையில் இருந்த அந்த மேஜை இப்போது வீட்டின் முன்னறைக்கு வந்துவிட்டது. முதலாளி இல்லை, பஞ்ச் கார்டு இல்லை. கூடவே, சம்பள நாளும் இல்லை.

திரையில் வரைவது இந்த வேலையின் ஒரு பாதிதான். கேட்டுத் தெரிந்துகொள்வது, எழுதி வைப்பது, பிழை பார்ப்பது, கோப்புகளை ஒப்படைப்பது, பணத்தை வசூலிப்பது ஆகியவை மறு பாதி. ஒருவர் இந்தத் தொழிலில் பத்து வருடம் நிற்பாரா, இரண்டே வருடத்தில் வேறு வேலை தேடுவாரா என்பதை அந்த மறு பாதிதான் முடிவு செய்கிறது. மென்பொருள் கற்றுத்தரும் வகுப்புகள் அதைச் சொல்லித் தருவதேயில்லை.

வரைவதற்கு முன் கேள்வி

புதிதாக வருகிறவர்கள் வேலை கிடைத்ததுமே சாஃப்ட்வேரைத் திறக்கிறார்கள். அனுபவசாலிகள் பேனாவைத் திறக்கிறார்கள். கடைக்கு யார் வருகிறார்கள், எதைப் பார்த்து வருகிறார்கள், பக்கத்துக் கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், இறுதி முடிவு சொல்லப்போவது யார்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். குடும்பத் தொழில்களில் டிசைனரிடம் பேசுகிறவர் மகனாக இருப்பார். முடிவெடுப்பவர் அப்பாவாக இருப்பார். மகனுக்குப் பிடித்த சாம்பல் நிற லோகோ மூன்று சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு அப்பாவின் பார்வைக்குப் போகும். “மங்களகரமா இல்லையே தம்பி” என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். முதல் சந்திப்பிலேயே அப்பாவையும் உட்கார வைத்துப் பேசினால் அந்த மூன்று சுற்றும் மிச்சம்.

கேட்டதை அன்று மாலையே நாலு வரியில் எழுதி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ திருப்பி அனுப்ப வேண்டும். ‘லோகோ ஒன்று, இரண்டு மாதிரிகள், இரண்டு முறை திருத்தம் கட்டணத்தில் சேரும், அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம், மேட்டர் நீங்கள் தர வேண்டிய தேதி இது, நான் முடித்துத் தரும் தேதி இது.’ எதிர்ப்பக்கத்திலிருந்து ‘ஓகே’ வந்துவிட்டால் அதுவே ஆவணம். “ஒரு சின்ன கரெக்‌ஷன்தான் சார்” என்ற வாக்கியம் ஒன்பதாவது முறையாக வரும்போது, கோபப்படாமல் எடுத்துக் காட்ட அந்த நாலு வரி உதவும்.

‘லோகோவைப் பெரிசு பண்ணுங்க’ என்ற கோரிக்கையையும் கேள்வியோடுதான் அணுக வேண்டும். தன் கடைப்பெயர் கண்ணில் படவில்லை என்ற கவலைதான் பெரும்பாலும் அதன் பின்னால் இருக்கிறது. சுற்றியிருக்கும் நெரிசலைக் குறைத்தாலே பெயர் எடுப்பாகத் தெரியும். கிளையன்ட் சொல்லும் தீர்வுக்குள் அவருடைய பிரச்சினை என்ன என்று தேடிப் பிடிப்பவருக்கு, திருத்தங்கள் பாதியாகக் குறையும்.

35 டாலரும் ஒரு லட்சம் டாலரும்

எவ்வளவு கேட்பது? இந்தத் தொழிலில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கேரலின் டேவிட்சன் 1971-ல் ஒரு காலணி நிறுவனத்துக்குச் சின்னம் வரைந்தார். மணிக்கு 2 டாலர் கணக்கில் பதினேழரை மணி நேரத்துக்கு 35 டாலர் பில் கொடுத்தார். அந்த நிறுவனம் நைக்கி. 1983-ல் நிறுவனம் அவரை அழைத்து, அந்தச் சின்னம் பொறித்த மோதிரத்தையும் நிறுவனப் பங்குகளையும் பரிசளித்தது. அது நிறுவனத்தின் நல்ல மனது. அவர் போட்ட பில்லில் அதற்கு இடமில்லை.

அதே நாட்டில், 1986-ல், ஸ்டீவ் ஜாப்ஸ் தன் புதிய நிறுவனமான நெக்ஸ்ட்டுக்கு லோகோ கேட்டு பால் ராண்டிடம் போனார். ஐ.பி.எம். லோகோவை வடிவமைத்தவர் ராண்ட். கட்டணம் ஒரு லட்சம் டாலர். சில மாதிரிகள் காட்ட முடியுமா என்று ஜாப்ஸ் கேட்டார். ராண்ட் மறுத்தார்: தீர்வு ஒன்றுதான் வரும், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம், கட்டணம் மட்டும் கொடுத்தாக வேண்டும். லோகோவோடு, அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று விளக்கும் கையேடு ஒன்றையும் அச்சிட்டுக் கொடுத்தார். ஜாப்ஸ் ஏற்றுக்கொண்டார்.

ராண்ட் கேட்ட தொகையைக் கரூரிலோ காரைக்குடியிலோ யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கையேட்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ‘ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்து, போர்டில் எப்படித் தெரியும், பில்லில் கறுப்பு வெள்ளையில் எப்படித் தெரியும்’ என்று நான்கு பக்க பி.டி.எஃப். சேர்த்து அனுப்பும்போது பேச்சு ‘பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை’ என்பதிலிருந்து காரணங்களுக்கு நகர்கிறது. கட்டணத்தைப் பற்றிய பேச்சும் கூடவே மாறுகிறது.

தன் மணி நேரத்துக்கு என்ன விலை என்று தெரியாமல் கொட்டேஷன் போடுவது ஆபத்து. ஒரு மாதிரிக் கணக்கு: வீட்டுச் செலவு 45,000 ரூபாய். மென்பொருள் சந்தா, இணையம், மின்சாரம், கணினித் தேய்மானம் 7,000. வரிக்கும் வேலை இல்லாத மாதங்களுக்கும் 8,000. மொத்தம் 60,000. மாதத்துக்கு 22 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 176 மணி. ஆனால் போன் பேசுவது, அச்சகத்துக்கு ஓடுவது, பாக்கி வசூல் எல்லாம் போகக் காசாகிற நேரம் பாதிதான் தேறும். 88 மணி. 60,000-ஐ 88-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 680 ரூபாய். பதினைந்து மணி நேரம் பிடிக்கும் லோகோவை 1,500 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறவர், தன் வீட்டு வாடகையிலிருந்து கிளையன்ட்டுக்கு மானியம் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கைக் கிளையன்ட்டிடம் காட்டத் தேவையில்லை. காட்டவும் கூடாது, வேகமாக வேலை செய்பவருக்கு மணிக்கணக்கு நஷ்டம். அவரிடம் வேலைக்கு ஒரு தொகை. உள்ளுக்குள் மணிக்கணக்கு. அட்வான்ஸ் பாதி வாங்காமல் கோப்பைத் திறப்பதில்லை என்பது நிலைத்து நிற்பவர்கள் பலரும் வைத்திருக்கும் விதி. ஃபைவர் என்ற வெளிநாட்டுத் தளத்தில் வேலை எடுப்பவர்கள், தளமே 20 சதவீதம் கழித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொண்டு விலை வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்து என்ற தனி உலகம்

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்யும் டிசைனருக்குத் தெரியாத ஒரு பாரம் தமிழ் டிசைனருக்கு உண்டு. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த மேட்டர் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். காகிதத்தில் அச்சடிக்கும்வரை தொல்லை இல்லை. அதே மேட்டரை வெப்சைட்டில் ஒட்டினால் புரியாத குறிகளாகக் கொட்டும். கூகுளில் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதை ஆங்கிலமாக நினைத்து உளறும்.

1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழக அரசு யூனிகோடையும், அச்சுப் பணிகளுக்காக டேஸ்-16 என்ற குறியீட்டையும் 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சகங்களின் பழைய கணினிகளும் பழகிய விரல்களும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. எனவே மாற்றிக் கொடுக்கும் வேலை டிசைனர் தலையில் விழுகிறது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பெரும்பாலும் சரியாகவே மாற்றித் தருகின்றன. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் குறிகளும் மட்டும் சிதையும்; அவற்றைக் கண்ணால் தேடித் திருத்த வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. ‘ஔ’ என்பது யூனிகோடில் ஒரே எழுத்து. பலர் ‘ஒ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ தட்டுகிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டுவதும் அப்படித்தான். ஒரு மருந்துக்கடையின் வெப்சைட்டில் ‘ஔஷதம்’ என்ற சொல் இப்படித் தப்பாக ஏறிவிட்டால், சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு அந்தக் கடை கிடைக்காமலே போகலாம். வாங்கிய மேட்டரில் இந்த ஜோடிகளை மட்டும் ஒருமுறை தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

மென்பொருளும் மக்கர் செய்யும். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்பதைப் பார்த்துப் பதறாத தமிழ் டிசைனர் இல்லை. இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்ற தேர்வையும், பழைய போட்டோஷாப் பதிப்புகளின் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வையும் இயக்கினால் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். இந்த ஒரு அமைப்பு தெரியாமல், யூனிகோடே உதவாது என்று பாமினிக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

எழுத்துருப் பஞ்சமும் முன்புபோல இல்லை. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே நல்ல தேர்வுகள் கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது எடைகளில் இருக்கிறது. பெயரே நம் கட்டுமரம்தான். ஏக் டைப் குழுவின் முக்தா மலரும் பலூ தம்பியும், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனமும் கவிவனாரும் உள்ளன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் உள்ளேயே வருகின்றன. முரசு அஞ்சல் என்ற பெயரில் 1980-களின் நடுவிலேயே கணினித் தமிழுக்கு உழைக்கத் தொடங்கியவர் அவர். தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ‘ணை’, ‘ஞூ’, ‘ழு’ போன்ற நெருக்கமான எழுத்துகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்கின்றனவா? கூடவே வரும் ஆங்கில எழுத்துகளின் உயரம் பொருந்துகிறதா? ரூபாய்க் குறி இருக்கிறதா?

ரூபாய்க் குறியைச் சொல்லும்போது டி. உதயகுமாரை நினைக்காமல் இருக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் பிறந்த அவர், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலில் முனைவர் ஆய்வு செய்தவர். அவர் வரைந்த குறியை 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அதே ஆண்டு யூனிகோடிலும் அதற்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பு செய்த எழுத்துருக்களில் அந்தக் குறி இருக்காது. விலைப்பட்டியலில் தொகைக்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டம் அச்சாகி வந்தால் காரணம் இதுதான்.

வரி இடைவெளிக்கும் தமிழ் தனி அளவு கேட்கிறது. மேலே விலங்குச்சுழி, புள்ளி. கீழே உகர ஊகாரக் கொக்கிகள். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’-யில் இடிக்கும். சொற்களின் நீளமும் அப்படித்தான். ‘சப்மிட்’ என்ற பொத்தான் ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. ‘சமர்ப்பிக்கவும்’ என்றால் ஒன்பது எழுத்து, அகலமோ இரு மடங்கைத் தாண்டும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றலாம் என்று நினைப்பவர்களின் பக்கம் இங்கேதான் உடைகிறது. முதல் நாளே தமிழை வைத்து வரையத் தொடங்குவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. ‘அனுப்பு’ என்றே போடலாமே என்று கிளையன்ட்டிடம் சொல்வதும் டிசைனர் வேலைதான்.

அச்சகத்துக்குப் போகும் வழியில்

திரையின் நிறம் ஒளியால் ஆனது. காகிதத்தின் நிறம் நான்கு மைகளால் ஆனது. திரையில் பளீரென்று மின்னும் பச்சையும் ஆரஞ்சும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு பிளேட்டுகளுக்குள் வரும்போது மங்கும். இதைக் கிளையன்ட்டிடம் முன்கூட்டியே சொல்லாதவர், அச்சான பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். சுற்றிலும் வெட்டுவதற்காக 3 மில்லிமீட்டர் பிளீட். கறுப்பு எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும். சிவகாசிக்குக் கோப்பு போகிறது என்றால் “கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க” என்பார்கள். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட்டால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எதுவும் மாறாது. ஆனால் கர்வ்ஸ் ஆன எழுத்தை மறுபடி தட்டித் திருத்த முடியாது. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியே சேமித்து வைப்பது கட்டாயம்.

சிவகாசியில் விசிட்டிங் கார்டுகளைப் பலருடையதைச் சேர்த்து ஒரே தாளில் ஓட்டுவார்கள். ஆயிரம் கார்டுகள் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் அது. ஒருமுறை ஓடிவிட்டால் திரும்பாது. எனவே ப்ரூஃபை ‘பார்ப்பது’ போதாது. கார்டில் உள்ள எண்ணை அதைப் பார்த்தே டயல் செய்ய வேண்டும். கியூ.ஆர். குறியைத் தாளில் பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டும். அழைப்பிதழ் என்றால் தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று காலண்டரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு கிளையன்ட்டின் ‘ஓகே’ எழுத்தில் வர வேண்டும்.

பிழைக்கே இடம் தர முடியாத ஒரு வேலை இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி. இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். விடியற்காலைக்குள் போஸ்டர் சுவரிலும் ஃபிளெக்ஸ் வாசலிலும் இருக்க வேண்டும். தரப்படும் போட்டோ ஏதோ ஒரு கல்யாண வீட்டில், யார் தோளிலோ கைபோட்டு நிற்கும்போது எடுத்ததாக இருக்கும். அந்தக் கையை நீக்கி, பின்னணியைத் துடைத்து, முகத்தின் ஒளியைச் சரிசெய்து, சட்டைக் காலரை வரைந்து சேர்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அப்போது யாரும் ப்ரூஃப் பார்க்கும் நிலையில் இல்லை. பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, பேரப்பிள்ளைகளின் பெயர் வரிசை எல்லாம் டிசைனரின் பொறுப்பு மட்டுமே. ஒரு பேத்தியின் பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் அது வருடக்கணக்கில் பேசப்படும். நிதானமாகப் பேசக்கூடிய சித்தப்பா ஒருவரை போனில் பிடித்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே கோப்பை அனுப்பும் டிசைனர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம்தான் பிறகு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. வடிவமைப்பு என்ற கலையின் மரியாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேலையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வெப்சைட் யாருடையது?

வெப்சைட் வேலையில் அழகைவிட முக்கியமானது உரிமை. டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளும் டிசைனர்கள் உண்டு. சிலர் சோம்பலால் செய்கிறார்கள். சிலர் கிளையன்ட் போய்விடக் கூடாது என்பதற்காக. இரண்டுமே தவறு. டிசைனர் வெளிநாடு போய்விட்டாலோ போன் எண்ணை மாற்றிவிட்டாலோ கடைக்காரர் தன் கடையின் பெயரையே இழக்கிறார். .காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் மூன்றின் பயனர் விவரமும் புதுப்பிக்கும் தேதியும் எழுதிய ஒரு தாளை ஒப்படைப்பதோடுதான் வேலை முடிகிறது. இப்படி ஒப்படைத்தவரிடமே கிளையன்ட் மறுபடி வருகிறார்.

வேகம் அடுத்தது. பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் இரண்டரை நொடிக்குள் தெரிந்தால்தான் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். மொபைலில் எடுத்த 5 எம்.பி. போட்டோவை அப்படியே ஏற்றினால் அது நடக்காது. தேவையான அகலத்துக்கு வெட்டி, வெப்பி வடிவில் சேமித்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் பல மடங்கு சுருங்கும்.

நிற வேறுபாட்டுக்கும் அளவு உண்டு. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலகளாவிய வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி விகிதம் கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெளிர் சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் நாகரிகமாகத் தெரியலாம். கண்புரை உள்ள பெரியவருக்கும், உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று மொபைல் பார்ப்பவருக்கும் அங்கே எழுத்தே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. எல்லோரும் படிக்கும்படி வடிவமைப்பதை இன்னமும் கூடுதல் வசதி என்று ஒதுக்குவது தொழில் நேர்மை ஆகாது.

பில், பாக்கி, சட்டம்

பாக்கித்தொகை இந்தத் தொழிலின் நாட்பட்ட வலி. அதற்கு மருந்தாகச் சட்டம் ஒன்று இருப்பது பல டிசைனர்களுக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சேவை வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வீட்டிலிருந்து தனியாளாக வேலை செய்பவரும் உத்யம் தளத்தில் ஆதாரைக் கொண்டு இலவசமாகப் பதிவு செய்து குறுநிறுவனம் ஆகலாம். வேலையை எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட வேண்டும். பணம் வராவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வசதியாக்கக் கவுன்சிலிடம் முறையிடலாம்.

2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, பணத்தை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் தன் செலவுக் கணக்கில் காட்ட முடியும். எனவே மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்வார்.

வெளிநாட்டு வேலைக்குக் கணக்கு வேறு. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சேவை ஏற்றுமதிக்கு எல்.யூ.டி. என்ற உறுதிக்கடிதத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே பில் போடலாம். உள்நாட்டு நிறுவனங்கள் டி.டி.எஸ். பிடித்தால், பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் தன் கணக்கில் வந்திருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

பதிப்புரிமை இன்னும் நுணுக்கமானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். துபாயில் கிளை திறக்கப்போகும் ஜவுளிக்கடைக்கு லோகோ செய்கிறவர் இதைத் தானாகவே எடுத்துச் சொன்னால், அந்தக் கிளையன்ட் அவரை வெறும் ‘கம்ப்யூட்டர்காரராக’ நினைக்க மாட்டார். முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியையும் அதிலேயே சேர்க்கலாம்.

கருவிகள் வரும், போகும்

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. ஃபிளாஷை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுத்தியது. அதில் மட்டுமே வெப்சைட் செய்யத் தெரிந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-ல் அறிவித்த அடோபி, அடுத்த ஆண்டே கைவிட்டது. இப்போது படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். “ஏஐ-ல நானே போட்டுட்டேன், நீங்க கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க” என்று கிளையன்ட்டே படத்தோடு வருகிறார்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் உடையும். அதில் உள்ள தமிழ் பல நேரங்களில் எழுத்துபோலத் தெரியும் கோடுகளாகவே இருக்கும். ஆனாலும் அது பயனுள்ள தகவல். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை நாலு வரி விளக்கத்தைவிட அது தெளிவாகக் காட்டிவிடுகிறது. நிறத்தையும் மனநிலையையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, லோகோவை வெக்டாராக முதலிலிருந்து வரைய வேண்டும். அதற்கான கட்டணமும் முதலிலிருந்து வரைவதற்கானதே. மலிவாக ஒரு போஸ்டர் போதும் என்பவர்கள் கேன்வாவுக்கும் ஏஐ-க்கும் போய்விட்டார்கள், இனித் திரும்ப மாட்டார்கள். தமிழ் சரியாக வேண்டும், அச்சு சரியாக வேண்டும், தவறினால் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். புதியவர்கள் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

ஆடிக்கும் மார்கழிக்கும் இடையில்

இந்தத் தொழிலின் வருமானம் பஞ்சாங்கத்தோடு ஓடுகிறது. முகூர்த்த மாதங்களில் அழைப்பிதழும் ஃபிளெக்ஸும் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை வற்றும். சித்திரை, வைகாசியில் பள்ளிச் சேர்க்கை விளம்பரங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளி, நகை, பட்டாசு என்று இரவு பகல் தெரியாது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான தினசரிக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகின்றன; அந்த வேலை கேட்பவர் அதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

இதைத் தெரிந்தவர்கள் ஆண்டை அதற்கேற்பப் பிரித்துக்கொள்கிறார்கள். அவசரமில்லாத வெப்சைட் வேலைகளை ஆடிக்குத் தள்ளி வைக்கிறார்கள்; அதற்கு ஒரு சிறு தள்ளுபடியும் தருகிறார்கள். பராமரிப்புக்கு மாதக் கட்டணம் தரும் நாலைந்து கிளையன்ட்டுகளைப் பிடித்து வைக்கிறார்கள், மார்கழி மாத வாடகை அதிலிருந்து போகிறது. கோப்புகளின் பெயரை ‘ஃபைனல்’ என்று முடிக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்குகிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதிப்படி பழைய வேலைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஐந்து வருடம் கழித்து அதே கடைக்காரர் இரண்டாவது கிளை திறக்கும்போது, பழைய லோகோவின் மூலக் கோப்பு இரண்டு நிமிடத்தில் கைக்கு வருகிறது.